எச்சத்தின் வகை

பித்தான் அறுந்த சட்டையை அவள் மடியில் போட்டு, "சாயங்காலத்துக்குள்ள தைச்சு வை" என்றார் கணவர். பிறகு இரண்டு பித்தான் இல்லாத இன்னொரு சட்டையை மாட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடி மாற்றக் கிளம்பினார். பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர் நின்றார்களாம். பேருந்து வந்தபோது ஒன்பது பேர்தான் நின்றார்கள்; அவர் கீழே கிடந்தார், உயிர் இல்லை.

அவர் சாம்பலைக் கடலில் கரைக்கலாமென்றால் கரை நெடுக வேலி. அவர் முப்பத்தொரு வருடம் வண்ணம் கலக்கிய பெயின்ட் ஆலை அங்கேதான் இருந்தது; எப்போதோ மூடிவிட்டார்கள். ஈயத்தை மட்டும் மண்ணில் விட்டுப் போயிருந்தது. 'இங்கே எதையும் கொட்டாதீர்கள்' என்று பலகை வேறு. அதனால் அவரைக் கொல்லையிலேயே, துணிக்கொடிக்குக் கீழே புதைத்தாள்.

மறு வருடம் மண்ணைச் சுத்தம் செய்து அடுக்குமாடி கட்ட ஆட்கள் வந்தார்கள். தெருவையும் கொல்லைகளையும் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். ஈயம் அதிகமுள்ள கட்டத்தைத் தோண்டி, லாரியில் ஏற்றி, எங்கோ சிமென்ட் தொட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்களாம். பொறியாளர் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை மண்ணில் வைத்து வைத்துப் பார்த்தார். கொல்லை முழுக்கச் சுத்தம். துணிக்கொடிக்குக் கீழே மட்டும் கருவி கத்தியது: ஈயம் நானூற்றுப் பன்னிரண்டு, வரம்பு நானூறு.

"வீட்டுக்காரர் இல்லையாம்மா? ஒரு கையெழுத்து வேணும்."

"அவர் மேலதான் நிக்கறீங்க."

துள்ளி நகர்ந்தவர், விவரம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. ஆலை ஈயம் எலும்புலயே தங்கிடும், எரிச்சாலும் போகாது. உங்க வீட்டுக்காரர் வரம்பு மீறிட்டார்."

"உசுரோட இருந்தவரைக்கும் அப்படிப்பட்ட ஆள் இல்லையே! சரி, நானே எடுத்து வேற இடத்துல வெச்சுக்கறேன்."

"ஐயோ, அபாயகரமான கழிவும்மா. கையால தொடக் கூடாது."

"முப்பத்தஞ்சு வருஷமா தொட்டுட்டுதானே இருந்தேன்?"

பொறியாளருக்குக் காது சிவந்துவிட்டது. ஒரு வாரத்தில் லாரி வரும், வேண்டுமானால் ஆபீசில் ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி நழுவினார்.

கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு போனாள். படிவத்தில் 'எச்சத்தின் வகை' என்று கேட்டு மூன்று கட்டங்கள்: ஆலை எச்சம், கட்டட எச்சம், பறவை எச்சம்.

"பறவைல டிக் போடுங்கம்மா" என்றார் எழுத்தர், குரலைத் தாழ்த்தி. "அதுக்கு மட்டும் விலக்கு உண்டு. லாரி வராது."

கொழுந்தன் எகிறினான். "எங்க அண்ணன் என்ன காக்கா போட்டதா?"

"கடல்புறான்னு போட்டுக்கலாம் சார். கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

கொழுந்தன் யோசித்தான். கடல்புறா என்றால் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. "போட்டுடுங்க அண்ணி. அண்ணன் நம்மகூட இருந்தாப் போதும்."

அவள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "பறவைன்னு எழுதிட்டா, அவர் எலும்புல ஈயம் எப்படி ஏறுச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"கேட்டா லாரி வரும்மா."

அது அவளுக்கும் தெரியும். மூன்று கட்டங்களையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினாள்: 'என் கணவர். ஆலையில் முப்பத்தொரு வருடம்.'

ஆலைக் கழிவுப் பிரிவு, மனிதர்கள் எங்களிடம் வர மாட்டார்கள் என்று கோப்பைத் திருப்பியது. மக்கள் பதிவேட்டுப் பிரிவு, இவர் பெயரை அடித்தாயிற்று என்று அதைத் திரும்ப அனுப்பியது. வகை தெரியாமல் லாரிக்குச் சீட்டு கிடையாது. சீட்டில்லாமல் மண்வெட்டியை இறக்க மாட்டேன் என்று ஓட்டுநர் இரண்டு நாள் வாசலில் தூங்கிவிட்டுப் போனார்.

தெருவெல்லாம் பெயர்ந்தது. வீடும் இடிந்தது. அடுக்குமாடி எழும்பி, அவளுக்கு இரண்டாவது மாடியில் இடம் கிடைத்தது. கீழே கார் நிறுத்துமிடத்தின் நடுவில், கம்பி வேலிக்குள், ஒரே ஒரு கட்டம் மட்டும் பழைய மண்ணாக நிற்கிறது. 'பரிசீலனையில் உள்ளது' என்று பலகை. கார்க்காரர்கள் திட்டிக்கொண்டே சுற்றிப் போகிறார்கள்.

வருடத்துக்கொரு முறை ஒரு பெண் கருவியோடு வந்து அளந்து எழுதிக்கொண்டு போகிறாள். ஆறு முறை வந்துவிட்டாள். ஆறு முறையும் அதே நானூற்றுப் பன்னிரண்டு.