தலை மட்டும் பாக்கியநாதன்

பேனரைப் பார்த்ததும் ரோசம்மாளுக்கு அழுகையே நின்றுவிட்டது. வீட்டுக்குள்ளே ஐஸ் பெட்டியில் புருஷன் கிடக்க, வாசலில் எவனோ ஒருவன் அவர் தலையைச் சுமந்துகொண்டு நின்றான். மார்பு நிறைய மெடல், இடுப்பில் துப்பாக்கி, பின்னால் பீரங்கி வண்டி. கழுத்துக்கு மேலே மட்டும் பாக்கியநாதன். ஏதோ அடையாள அட்டையிலிருந்து வெட்டி ஒட்டிய, திருதிருவென்று முழிக்கிற முகம். கீழே 'வீரத்தளபதி' என்று தங்க எழுத்து.

தளபதியாம்! பட்டாளத்தில் இருந்த காலம் பூராவும் அந்த மனுஷன் பிடித்தது கரண்டி. பனிமலையில் விரல் மரத்துப்போக, சிப்பாய்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்டவர். ஊர் திரும்பியும் சும்மா இருந்தாரா? கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலை கேன்டீனில் சேர்ந்து, போன வாரம் வரைக்கும் விடியுமுன் சைக்கிளை மிதித்தார்.

"யார்ரா இத்த வெச்சது?"

மூத்த மகன் எபினேசர் தலையைச் சொறிந்தான். "நான்தாம்மா. மாமனார் ஊட்லருந்து பெரிய மனுசங்கல்லாம் வராங்க. சமையல்காரருன்னு போட்டா நல்லாவா இருக்கும்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள், கேன்டீனில் அவருக்குக் கூடமாட வேலை செய்த லோகநாதன் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். பின்னால் ஷிப்டு முடிந்த ஆட்கள், கையில் வாடிய மாலை.

"மன்னிச்சிரு அண்ணி. அப்பவே வந்தோம். மெடலப் பாத்துட்டு யாரோ ஆபீசர் ஊட்டு சாவுன்னு தாண்டிப் பூட்டோம். மூஞ்சிய எங்க பாத்தோம்? தெருத்தெருவா அண்ணன் ஊட்டத் தேடிக்கினு இருந்தோம்."

ரோசம்மாள் விடுவிடுவென்று உள்ளே போனாள். அவர் காய் நறுக்குகிற கத்தியோடு வந்தாள். வாடகை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"அம்மா, அசிங்கமா கீது, எறங்கு!"

"எதுடா அசிங்கம்? ஊருக்கே சோறு போட்ட கையி உனுக்கு அசிங்கமா? நீ பட்ச்ச படிப்பு, உன் பொண்டாட்டி கழுத்துல கீற தாலி, எல்லாம் அந்தாளு அடுப்பாண்ட வெந்து சம்பாரிச்சதுடா! உயிரோட இருந்தப்போ ஒரு நாளாவது அந்தக் கேன்டீன் பக்கம் எட்டிப் பாத்தியா நீ?"

பேனர் சர்ரென்று கிழிந்தது. தலையை மட்டும் வட்டமாக அறுத்தெடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். லோகநாதன் தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினான். அண்டாவுக்கு முன்னால், முண்டா பனியனும் தோளில் துண்டுமாக, கரண்டியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற பாக்கியநாதன். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மறுபடி அழுகை வந்தது.

"இத்தப் பெருசா போட்டு எட்தா லோகு. பொட்டியாண்ட வெக்கணும்."

மாமனார் வீட்டுக் கார் தெருவில் திரும்பியது. தலையில்லாத தளபதிக்குக் கீழே எபினேசர் கையைப் பிசைந்தான். "இப்போ இத்த இன்னாம்மா பண்றது?"

"தல என்னுது, எட்துக்கினேன். ஒடம்பு எவனுதோ, அவன் ஊட்ல குட்துட்டு வா."