ஒரு சாண் தள்ளி

மேசையைத் தூக்க வந்தவர்களை நாகலெட்சுமி தடுத்தாள்.

"அதத் தொடாதீங்க. எம்புள்ள போட்டுட்டுப் போன கம்ப்யூட்டரு. அப்புடியே எரியட்டும்."

தோட்டத்து லய வீட்டின் முன்னறையில் இடம் போதவில்லை. கணினி மேசையைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, அதற்கு எதிரே அவள் மகன் மதுரனின் சவப்பெட்டியை வைத்தார்கள். முந்தாநாள் மாலை அந்தத் திரைமுன் இருந்துதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அடுத்த வீட்டு வீரம்மா தலைமாட்டில் இரண்டு குத்துவிளக்கை ஒற்றைத் திரியிட்டு ஏற்றி வைத்தாள்.

அவன் மனைவி ஜெயந்தினி தற்செயலாகத்தான் திரையைப் பார்த்தாள். இருண்டு கிடந்த இடது பாதியில் மலை வந்திருந்தது. அது அவனுடைய பாதி. மலை லேசாக அசைந்தது, யாரோ தலையைச் சாய்த்து எட்டிப் பார்ப்பதற்கு ஏற்ப அசைவதுபோல.



கொட்டகலையில் கணினி வகுப்பு நடத்தியவன் மதுரன். பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றின் இரு ஓரத்திலும், கண்ணுக்குத் தெரியாத ஒளி விடும் குட்டி பல்புகளை ஒட்டியிருந்தான். திரைமேல், கொழும்பு நண்பன் தந்த வீடியோ விளையாட்டு ரிமோட். கண்ணாடி போட்டவர் தலையை அசைத்தால் ரிமோட் அந்த ஒளியைப் பிடித்துக்கொள்ளும். ஜன்னலுக்கு வெளியே தெரிவதுபோல திரையில் மலை திரும்பும். பக்கத்தில் இருப்பவருக்கோ எல்லாம் கோணல்.

"உங்களுக்குத் தெரியிறது எனக்குத் தெரியலியே" என்றாள் ஜெயந்தினி ஒருநாள். அதற்காகவே இரண்டாவது கண்ணாடி செய்தான். திரையை இரண்டாகப் பிரித்தான். ஆனால் நாலு பல்பில் எது யாருடையது என்று ரிமோட்டுக்குப் பிடிபடவில்லை.

"ஒட்டி ஒக்காராத புள்ள, கொழம்பிருது. ஒரு சாண் தள்ளி."

"இதுக்குத்தான் என்னையக் கட்டுனீங்களா?"

முந்தாநாள் கூப்பிட்டான். "வா, இன்னைக்கிச் சரியா வரும்." ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். போகவில்லை.

மேசை இழுப்பறையை மெல்லத் திறந்தாள். இரண்டு கண்ணாடியும், அன்று அவள் எடுத்து வைத்தபடியே, உள்ளே இருந்தன. இரண்டின் சுவிட்சும் அணைந்திருந்தது. மூடினாள். யாரிடம் சொல்வது?

நிமிர்ந்தபோது நாகலெட்சுமியும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்குறான்" என்றாள், மெதுவாக.

மூன்று மணிக்கு அவள் தம்பி இராமையா உள்ளே வந்தார். "அக்கா, நேரமாச்சு. எடுக்கணும்."

"பாத்துக்கிட்டு இருக்கவன எப்புடிடா எடுக்குறது?"

இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். பெண்களின் ஒப்பாரி நின்றது. வாசலில் தப்பு மேளமும் ஓய்ந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ஒருவரும் கிட்டே போகவில்லை.

வீரம்மா மட்டும் திரி தூண்டக் குனிந்தாள். அவள் முந்தானை ஒரு சுடரை மறைத்தது. இடது பாதி இருண்டது. நிமிர்ந்தாள், மலை திரும்ப வந்தது.

'அந்தச் சாமி வெளக்க நவுத்து புள்ள. இந்த ரிமோட்டு நெருப்பையும் ஆளுன்னு நெனச்சிக்கிது.' மதுரன் எத்தனை தடவை சொல்லியிருப்பான்.

ஜெயந்தினிக்கு மூச்சு வந்தது. அடுத்த கணமே, முன்னைவிட மோசமான ஒரு பயமும் வந்தது. அங்கே யாருமே இல்லை.

"அத்தே" என்று தொடங்கினாள். விளக்கின் அருகே மண்டியிட்டு, ஒரு சுடருக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்தாள். பாதி இருண்டது. கையை எடுத்தாள். மலை வந்தது. மறுபடியும் பிடித்தாள். சூடு ஏறியது. எடுக்கவில்லை.

நாகலெட்சுமி திரையைப் பார்த்தாள். மருமகளின் கையைப் பார்த்தாள்.

பெட்டியிலிருந்து தன் கைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"எடுங்கடா."

தப்புச் சத்தம் தேயிலைச் சரிவில் இறங்கித் தேய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலை இருந்த இடத்தில் விளக்குகள் மட்டும் முறைப்படி எரிந்தன. நாகலெட்சுமி உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

ஜெயந்தினி விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றினாள். இழுப்பறையிலிருந்து இரண்டாவது கண்ணாடியை எடுத்தாள். சுவிட்சைப் போட்டாள். கண்ணில் மாட்டிக்கொண்டு, விளக்குக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள்.

வலது பாதியிலும் மலை வந்தது. உடனே இரண்டு மலையும் துள்ளி, ஒன்றுக்குள் ஒன்று போய்க் குழம்பின.

அவள் எழுந்து, முக்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டாள்.