இடுப்பளவு

தையல்கடைக்காரிக்கு அன்று காலையிலிருந்தே வாயெல்லாம் கசப்பு. மகன் செத்து ஏழு மாதம் ஆகிவிட்டது. இன்னமும் துணி கொடுக்க வருகிறவர்கள், கொடுத்தோமா போனோமா என்றில்லாமல், "தங்கமான பிள்ளை அக்கா" என்று உச்சுக் கொட்டிவிட்டுத்தான் போகிறார்கள். தங்கமாம், தங்கம்! அந்தத் தங்கம், வீட்டில் இருந்த தங்கத்தைத்தான் முதலில் விற்றது. பிறகு பதினெட்டு வருஷமாக அவள் கைக்குப் பழகிய பெரிய கத்தரிக்கோலை விற்றது. கேட்டதற்கு, "நான் எதுக்கும்மா அதைத் தொடப் போறேன்?" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தது. சத்தியம் செய்யும்போது கண் அவள்மேல் இல்லை, இஸ்திரிப் பெட்டிமேல் இருந்தது. மறுநாள் இஸ்திரிப் பெட்டியும் போயிற்று.

செத்தவனை இப்படி நினைக்கலாமா என்று கேட்டால், வேறு எப்படி நினைப்பது? வாந்தி காய்ந்த சட்டையைச் சுருட்டி, அவளுடைய வெட்டுத்துணிக் கூடைக்கு அடியில் ஒளித்து வைப்பான். ஏதோ துண்டுத் துணிக்கு என்று கையை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். சீ! எத்தனை சோப்புப் போட்டாலும் நாற்றம் போகாது. இப்போதும் திடீரென்று நினைத்துக்கொண்டு கையை முகர்ந்து பார்க்கிறாள்.

ஆனால் அவளுக்குக் குமட்டுவது அதனால் மட்டும் இல்லை.

அவனுக்குக் குண்டன் என்று பட்டப்பெயர் வைத்தது அவன் அப்பா. இருபத்தைந்து வயதில் முப்பத்தாறு இஞ்ச் இடுப்பு. ஒரு நாள் பேண்டைக் கொண்டுவந்து, "லூசா இருக்கும்மா, பிடிச்சுக் குடு" என்றான். பிடித்தாள். மூன்று மாதத்தில் மறுபடி வந்தான். முப்பத்திரண்டு. அடுத்தது முப்பது. ஆள் பொய் சொல்வான், டேப் பொய் சொல்லாது. வேறு யாருக்கும் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத்தான் தெரிந்தது. தெரிந்து என்ன கிழித்தாள்? இன்னும் நன்றாகப் பிடித்தாள். சும்மா சொல்லக்கூடாது, கை அப்படி. பின்பாக்கெட் இரண்டும் முட்டிக்கொள்ளாமல், இடுப்புப் பட்டியைக் கழற்றி, தொடையைக் குறைத்து, சட்டைக்குத் தோளைச் சுருக்கி, பார்க்கிறவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியே இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில் முழுக்கைச் சட்டை கேட்டான். தைத்துக் கொடுத்தாள். எதற்கென்று கேட்கவில்லை. நாள் முழுக்க ஊசியோடு கிடக்கிறவளுக்கு ஊசி குத்தின இடம் தெரியாதா?

லாரி ஓட்டிவிட்டு மாதம் இரண்டு தடவை வீட்டுக்கு வரும் அவன் அப்பா, "பரவாயில்லையே, குண்டன் இளைச்சு ஹீரோ மாதிரி ஆயிட்டானே!" என்று முதுகில் தட்டினார். அவளும் சிரித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவள் பெற்ற பிள்ளையையே துணியில் மறைத்தாள்.

பேருந்து நிலையக் கழிப்பறையில் செத்துக் கிடந்தவனை அடையாளம் காட்டச் சொன்னபோது, அப்பா முகத்தைப் பார்த்தார். அவள் பேண்டின் இடுப்புத் தையலைப் பார்த்தாள். கடைசியாகப் பிடித்துக் கொடுத்த இருபத்தாறு. ஒரு இழை விலகவில்லை.

பதினோரு மணிக்குப் பக்கத்துத் தெரு டீச்சர் வந்தாள். பையிலிருந்து ஒரு பேண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"என் பையனோடதுக்கா. இடுப்புல ரெண்டு இஞ்ச் பிடிக்கணும். சாயங்காலத்துக்குள்ள முடியுமா? அவங்க அப்பா வெளியூர்லருந்து வர்றாரு."

"இளைச்சுட்டானா?"

"ஜிம்முக்குப் போறான்ல!" டீச்சர் சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது.

தையல்கடைக்காரி பேண்டை உள்பக்கம் திருப்பினாள். ஏற்கெனவே இரண்டு வரிசைக் கைத்தையல். ஒன்று கறுப்பு நூல், ஒன்று நீலம். இரண்டும் கோணல்.

"இது யார் போட்டது டீச்சர்?"

"நான்தான்." டீச்சர் பைக்குள் எதையோ தேடினாள். "லூசா இருக்குன்னான், ரெண்டு தடவ பிடிச்சேன். வெளிய சுருக்கம் தெரியுது, அசிங்கமா இருக்கு. அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க செஞ்சா தெரியவே தெரியாதுக்கா."

தெரியவே தெரியாது.

"முழுக்கைதான் போடுறானா?"

டீச்சர் நிமிர்ந்தாள்.

"பாத்ரூம்ல பூட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் இருக்கான்?"

"என்னக்கா பேச்சு இது? உங்க வீட்டுல நடந்தா ஊர்ல எல்லார் வீட்டுலயும் நடக்கணுமா?"

"நடக்கக் கூடாதுன்னுதான் கேக்கறேன்."

பிளேடை எடுத்தாள். கறுப்பு வரிசை பட்பட்டென்று விட்டது. அடுத்து நீலம்.

"ஐயையோ! பிடிக்கச் சொன்னா பிரிக்கறீங்களே! நிறுத்துங்கக்கா!"

நிறுத்தவில்லை. நூலையெல்லாம் பிடுங்கி, பேண்டை உதறி, மேஜைமேல் விரித்தாள். முப்பத்துநாலு இஞ்சுக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"சாயங்காலம் இதைப் போட்டுக்கிட்டு அவங்க அப்பா முன்னாடி வந்து நிக்கட்டும். நழுவாம கையால பிடிச்சுக்கிட்டே நிக்கட்டும். அவரும் பாக்கட்டும், நீங்களும் பாருங்க."

டீச்சர் பேண்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தாள். கோபப்படப் போகிறாள் என்றுதான் தையல்கடைக்காரி நினைத்தாள்.

"மானம் போயிடும்க்கா."

"எனக்குப் போகல டீச்சர். அவன் சாகறவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாம காப்பாத்திட்டேன். அவன் கடைசி பேண்டை அலமாரியில மடிச்சு வெச்சிருக்கேன், பாக்கறீங்களா? இருபத்தாறு இஞ்ச்."

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அந்தப் பட்டியையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, வகுப்பில் பதில் தெரியாத பிள்ளை மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"எங்கக்கா கூட்டிட்டுப் போறது? எந்த டாக்டர்கிட்ட?"

தையல்கடைக்காரி வாயைத் திறந்தாள். எந்தக் கடையில் எந்த நூல் கிடைக்கும், எந்த பட்டன் கிடைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இதற்கு ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை.

"தெரியலையே டீச்சர்" என்றாள். "நான் எங்கயும் கூட்டிட்டுப் போகலையே."