எண்பத்து நாலு பவுண்டு

அன்று காலை முன்னறையில் இருந்தவர்கள்: என் அக்கா மேக்சின், கட்டிலில். பக்கத்து வீட்டு பெர்னிஸ், மடியில் பிஸ்கட் டப்பாவோடு. வீட்டுக் கடன் கொடுத்த நிறுவனத்திலிருந்து வந்திருந்த டக்ஸ்ஃபர்ட் என்ற ஆள், அக்காவின் நாற்காலியில். தொலைபேசியில், அரசாங்க உதவித்தொகை அலுவலகத்திலிருந்து, தன் பெயர் அங்காரட் என்று சொன்ன ஒரு பெண். எங்கள் எல்லாரையும்விட அதிகம் பேசியது அவள்தான் என்பதால் அவளையும் சேர்க்கிறேன். அப்புறம் நான், கிர்க். குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலை முடித்து நேராக வந்தவன், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றிருந்தேன்.

அந்த வீடு முதலில் நகராட்சி வாடகைக்கு விட்ட கவுன்சில் வீடு. அக்காவும் அவள் புருஷன் லெஸ்லியும் கடன் போட்டு வாங்கினார்கள். லெஸ்லி வேறொருத்தியோடு போய்ப் பதினாலு வருடம் ஆகிறது. கடன் மட்டும் போகவில்லை.

மேக்சின் இருபத்திரண்டு வருடம் மீன் ஆலையில் பனிக்கட்டித் தண்ணீரில் கையை விட்டு மீன் அறுத்தவள். எங்கள் மீன்பிடித் துறைமுக ஊரான கிரிம்ஸ்பியில் அது ஒன்றும் பெரிய கதை இல்லை. ஐம்பது வயதில் மூட்டுவாதம் விரல்களைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டது. உடம்பு முடியாதவர்களுக்கான உதவித்தொகைக்குப் பரிசோதிக்க வந்த ஆள், சாவி திருப்ப முடியுமா என்று கேட்டான். "முடிஞ்சா எதுக்குய்யா இவன வச்சிருக்கேன்?" என்று என்னைக் காட்டினாள். வாசலில் எண்பூட்டு போட்ட சின்ன இரும்புப் பெட்டி. அதற்குள் சாவி. தினமும் காலையில் அதை எடுத்துத் திறப்பது நான், போகும்போது வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைப்பதும் நான்.

உதவித்தொகையில் சாப்பிடலாம், வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ளலாம், இரண்டையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. வீட்டுக் கடன் கட்ட எதுவும் மிஞ்சாது. அதற்கென்று அரசாங்கத்தில் ஓர் உதவி இருக்கிறது. உதவி என்று பெயர்தான். வட்டியை மட்டும் கட்டுவார்கள். கட்டியதை வீட்டின் மேல் கடனாக எழுதிக்கொள்வார்கள், அந்தக் கடனுக்கும் வட்டி போடுவார்கள், வீட்டை விற்கும்போதோ நீ செத்த பிறகோ எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பிச்சைக்கும் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். ஒன்பது மாதமும் ஒரு பென்னிகூட சம்பாத்தியம் இருக்கக்கூடாது. இடையில் ஏதாவது வந்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.

இது எல்லாம் எங்களுக்குத் தெரியும். நூலகத்தில் இலவசமாக ஆலோசனை சொல்லும் ஒரு பெரியவர் தடித்த எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: "ஒன்பது மாதம். வருமானம் எதுவும் கூடாது." அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. பால் எடுக்கும்போதெல்லாம் படித்தேன். வேலைக்குப் போகக்கூடாது என்று புரிந்துகொண்டேன். அவள் எங்கே வேலைக்குப் போவது? ஒரு கோப்பையைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டும் அவளுக்கு.

எட்டு மாதம் முடிந்திருந்தது. ஒன்பதாவது முடியப் பன்னிரண்டு நாள். அதுவரை வழக்குப் போடாமல் பொறுத்துக்கொள்கிறோம் என்று கடன் நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தது. உதவி என்றைக்கு ஆரம்பிக்கும் என்று தேதியைக் குறித்துக்கொண்டு போகத்தான் டக்ஸ்ஃபர்ட் வந்திருந்தான்.

உதவித்தொகை அலுவலகம் எங்களைக் காத்திருக்க வைத்தது; நாற்பத்தேழு நிமிடம் தொலைபேசி ஸ்பீக்கரில் ஒரே வயலின் துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தது.

"இந்தப் பாட்டுக் கேட்டே பாதிப் பேர் செத்துருவாங்க," என்றாள் பெர்னிஸ். "செலவு மிச்சம் அவனுங்களுக்கு. பிஸ்கட் எடுத்துக்கப்பா, கடங்காரன்னாலும் வீட்டுக்கு வந்துட்ட."

"பரவால்ல மேடம்," என்றான் டக்ஸ்ஃபர்ட்.

"எடுத்துக்க. இதுக்கு உங்க ஆபீஸ்ல வட்டி போட மாட்டாங்க."

மேக்சின் சிரித்தாள். அன்றைக்கு அவள் கடைசியாகச் சிரித்தது அது.

வயலின் நின்றது. அங்காரட் வந்தாள். பெயர், பிறந்த தேதி, அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர். பிறகு விசைகளைத் தட்டும் சத்தம்.

"மேக்சின், உங்களுக்கு இந்த மாசம் சம்பாத்தியம் பதிவாயிருக்கும்மா."

"எனக்கா? நான் கட்டில விட்டு எறங்கறதே சம்பாத்தியந்தான்."

"மூணாம் தேதி. எண்பத்து நாலு பவுண்டு அறுபது பென்ஸ். உங்க பழைய ஆலையிலேருந்து."

பெர்னிஸ் பிஸ்கட் டப்பாவை மூடினாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதனாலேயே எனக்குக் காது கொதித்தது.

அந்த எண்பத்து நாலு பவுண்டை வாங்கியது நான்.

நான் சட்டம் படிக்கப் போய் ஒன்றரை வருடத்தில் விட்டவன். பாதி படித்தவனிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆலையிலிருந்து அவளை அனுப்பியபோது, எடுக்காத விடுமுறைக்கான சம்பளத்தைக் கொடுக்காமல் விட்டிருந்தார்கள். அது என் கண்ணில் பட்டது. "விட்டுத் தொலைடா, அந்த எடத்து மூஞ்சியிலயே முழிக்க வேணாம்," என்றாள் மேக்சின். நான் விடவில்லை. கிடங்கு வேலை முடிந்ததும் மஞ்சள் ஜாக்கெட்டோடு நேராக ஆலை அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். தொடர்ந்து பதினோரு நாள் காலை. மேலாளர் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். பன்னிரண்டாம் நாள் பணத்தைப் போட்டார்கள். பப்பில் இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பணத்தில் மேக்சின் பெர்னிஸையும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்கும் ஹாடக் மீன் வறுவலும் சிப்ஸும் வாங்கித் தந்தாள். காட் மீன் இல்லை, ஹாடக். காட் மீனை எங்கள் ஊரில் வெளியூர்க்காரர்களுக்குத்தான் விற்பார்கள்.

"அது லீவுச் சம்பளம்," என்றேன் தொலைபேசியிடம். "போன ஜூன் மாசத்துது. எட்டு மாசம் லேட்டாக் குடுத்தானுங்க."

"நீங்க யாருங்க?"

"அவ தம்பி."

"எப்போ சம்பாதிச்சதுங்கறது கணக்கில்லைங்க. எப்போ கைக்கு வந்துச்சோ அந்த மாசந்தான்."

"திருப்பிக் குடுத்துர்றோம். இன்னைக்கே."

"வந்தது வந்ததுதாங்க. சிஸ்டத்துல ஏறிடுச்சு."

"அப்போ அந்த மொதலாளி லேட்டாக் குடுத்ததுக்கு இவளுக்கு தண்டனையா?"

"தண்டனை இல்லைங்க. எண்ணிக்கை மறுபடி ஆரம்பிக்குது, அவ்ளோதான். ஒன்பது மாசம்." மறுபடி விசை தட்டும் சத்தம். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"கஷ்டமா இருக்கா? ஒன்பது மாசம் கழிச்சு இவ எந்த வீட்டுக்கு உன்கிட்ட வட்டி கேப்பா? சொல்லு! எந்த வீட்டுக்கு?"

"இப்படிக் கத்துனீங்கன்னா லைனக் கட் பண்ண வேண்டியிருக்கும்."

"பண்ணுடி!"

பண்ணினாள்.

டக்ஸ்ஃபர்ட் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான். மரியாதையான ஆள். மரியாதையான ஆட்களைத்தான் இந்த மாதிரி வேலைக்கு அனுப்புவார்கள். "மேடம், நாங்க பொறுத்துக்கிட்டது இருபத்து நாலாம் தேதி வரைக்குந்தான். இன்னும் ஒன்பது மாசம்னா மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. கோர்ட்டுலேருந்து பேப்பர் வரும். நீங்களா வித்துட்டா உங்களுக்குக் கொஞ்சமாவது..."

மேக்சின் கட்டிலில் கிடந்த ரிமோட்டை முழங்கையால் பக்கத்தில் இழுத்து, விரல் முட்டியால் அழுத்தினாள். அவன் உட்கார்ந்திருந்தது அவளுடைய தூக்கு நாற்காலி. எழுந்திருக்க முடியாதவர்களை மோட்டார் வைத்து எழுப்பி நிறுத்துவது. அது முனகிக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்க ஆரம்பித்தது. டக்ஸ்ஃபர்ட் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டான். காகிதங்கள் முழங்காலிலிருந்து வழுக்கின. நாற்காலி அவசரப்படாமல் அவனை மேலே தள்ளி, முன்னால் சாய்த்து, கம்பளத்தின் மேல் நிற்க வைத்தது.

"போயிட்டு வாப்பா," என்றாள் மேக்சின்.

அவன் குனிந்து காகிதங்களைப் பொறுக்கினான். பெர்னிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள். "இரு, இரு, கார் வரைக்கும் வர்றேன். உன் மேலிடத்துக்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்பணும்," என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போனாள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"மேக்ஸ், இதுக்கு மேல்முறையீடு இருக்கு," என்றேன். "நான் எழுதறேன். அந்த ஆலைக்காரன் மேல கேஸ் போடுவோம், அவன் லேட்டாக் குடுத்ததாலதான..."

"நான் கேட்டனா?"

"என்ன?"

"அந்தக் காச வாங்கித் தான்னு நான் உன்கிட்ட கேட்டனாடா?"

"அது உன் காசு. உன் உழைப்பு. அவனுங்க திருடுனது."

"விட்டுத் தொலைன்னேன். மூணு தடவ சொன்னேன். நீ பப்புல போய்ச் சொல்றதுக்கு ஒரு கதை வேணும். அதுக்கு என் வீடா கெடச்சுது?"

"எனக்கு அந்த ரூல் இப்படின்னு தெரியாது."

"ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு."

சமையலறையில் அந்தத் தாள் இங்கிருந்தே தெரிந்தது.

"இப்பவும் பாரு," என்றாள். "அவ லைன்ல இருந்திருந்தா இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேற வழி இருக்கான்னு கேட்டிருக்கலாம். பண்ணுடின்ன. சண்டைன்னா உனக்கு அவ்ளோ ருசி. சாப்புடறது நீ, பில்லு எனக்கு."

"சரி, கத்துனது தப்பு. மறுபடி நான் போன் பண்றேன்."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். இனிமே என் விஷயத்துல ஒண்ணுமே பண்ணாத. போ."

"டீ போட்டு வச்சிட்டுப் போறேன்."

"போடா வெளிய! சாவிய மேசையில வை."

"அப்பறம் யாரு பூட்டுவா?"

"சாவிய வையின்னேன்."

வைத்தேன். வெளியே வந்தேன். அவள் கட்டிலை விட்டு இறங்கும் சத்தம் கேட்டது, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வரும் சத்தம். தோளால் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பாதி மங்கிய கண்ணாடி வழியாக அவள் உருவம் மட்டும் தெரிந்தது.

அந்தக் கதவைப் பூட்ட முதலில் கைப்பிடியை மேலே தூக்க வேண்டும், பிறகுதான் சாவி திரும்பும். கைப்பிடி பாதி ஏறி விழுந்தது. மறுபடி ஏறியது, விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்து முன்கையைக் கைப்பிடிக்கு அடியில் கொடுப்பது தெரிந்தது. கைப்பிடி ஏறியது, நின்றது. சாவி துளையைத் தேடி உலோகத்தைச் சுரண்டியது. ஒரு தடவை கீழே விழுந்தது. நான் கை நீட்டவில்லை, நீட்டியும் பயனில்லை, சாவி உள்ளே இருந்தது. தெருமுனையில் பெர்னிஸ் இன்னும் டக்ஸ்ஃபர்ட்டின் கார் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே அக்கா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், பற்களுக்கிடையில். இரண்டு உள்ளங்கைகளாலும் சாவியை நெரித்துப் பிடித்திருக்க வேண்டும். அது கொஞ்சம் திரும்பியது, நின்றது, இன்னும் கொஞ்சம் திரும்பியது.

பூட்டு விழுந்தது.