மிளகுக் கொடியில் பூத்த ரோசா

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மிளகுக் கொடியெல்லாம் பட்டுப்போகட்டும். சத்தியம்.

எல்கடுவ தோட்டத்துப் பொன்னையா சகுனம் பார்க்கிறவர். ஒற்றைத் தும்மல் கேட்டால் எடுத்த காலைக் கீழே வைக்கமாட்டார். அவர் மகள் நிரஞ்சனியை வினோஜன் விரும்பினான், அவளும்தான். இரண்டு முறை பெண் கேட்டுப் போனான். இரண்டு முறையும் பேச்செடுத்ததும் ஒற்றைத் தும்மல் விழுந்தது. இரண்டாம் முறை தும்மியது ஆடு.

"ஆட்டுத் தும்மலுமா மாமா?"

"தும்மல் தும்மல்தான். இன்னும் ஒரே தடவ வா. அதிலயும் ஒத்தத் தும்மல் விழுந்தா, இந்தப் பக்கம் தல காட்டக் கூடாது."

வினோஜன் அழாக்குறையாக இரத்தோட்டைக்கு என்னிடம் வந்தான். "தாத்தா, அவளுக்கு ஒரு ரோசாப்பூ குடுங்க. கடைசியா பாக்கப்போறேனோ என்னமோ."

என்னிடம் ஒன்று இருந்தது. ரோசா முள் எலுமிச்சை முள்ளைப் போல கட்டையிலிருந்து வருவதல்ல, வெறும் தோல். பக்கவாட்டில் தள்ளினால் பொட்டென்று உதிரும். ஒரு மழைநாளில் அப்படித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தவன், வேறு வேலையில்லாமல், ரோசாவின் துளிர்க் கண்ணைப் பட்டையோடு கீறி மிளகுக் கொடியில் ஒட்டிவிட்டேன். அது கொடி படர்ந்திருந்த முள்முருங்கை மரத்தின் உச்சிவரை ஏறியது. ஒரு காம்பில் ஐந்து சிற்றிலை, அடுத்ததில் மிளகிலை. பூ தேங்காய் அளவு. மணம் ரோசா, காரம் மிளகு. வந்த தேனீக்கள் தும்மித் தும்மிப் பின்பக்கமாகப் பறந்தன.

காரத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வினோஜனுக்கு அன்று தடிமன், மூக்கடைப்பு. பஸ்ஸில் மற்ற எல்லாரும் தும்மிய வேகத்தில் பஸ் தானாக மலையேறியது. ஊருக்கே தடிமன் போல என்று நினைத்துக்கொண்டானாம்.

தோட்டத்து வரிசைவீடான லயத்து வாசலில் நிரஞ்சனி பூவை வாங்கினாள். பொன்னையா எட்டிப் பார்த்தார்.

"ஹச்!"

ஒன்று. வினோஜன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தான்.

"நில்லுங்க," என்றாள் நிரஞ்சனி. சால்வையால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு, பூவை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அப்பா இன்னும் முடிக்கல."

இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. பிறகு லயம் முழுக்க, ஆடு உட்பட.

"ஒத்தத் தும்மல்தானேப்பா ஆகாது? ரெட்டத் தும்மல் நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப பொண்ணு குடுக்கிறீங்களா?"

பொன்னையா பதில் சொல்ல வாயைத் திறந்தார், தும்மல்தான் வந்தது. ஒவ்வொரு தும்மலுக்கும் தலை மேலும் கீழும் ஆடியது. கூடியிருந்தவர்கள் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு குலவையிட்டார்கள்.

இதழ் உதிர்ந்து நின்ற ரோசாக் காய்களைத்தான் கல்யாண ரசத்துக்குத் தட்டிப் போட்டோம். தனியாக மிளகு சேர்க்கவில்லை.

பொன்னையாவுக்கு நாலும் ஆண் பிள்ளைகள், மகளே கிடையாது என்று எல்கடுவவில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.