கறுப்புச் சட்டையில் பச்சை மணி

கதவை மூடினால் எல்லா மணியும் கறுப்பு. திறந்தால் பூவுக்கு நடுவே பச்சை!

ஃப்ரேமா மூன்றாவது முறையாகக் கதவை மூடித் திறந்தாள். கானா நாட்டின் குமாசியில் நாளை நடக்கும் சாவுச் சடங்கில் செத்தவரின் மூத்த மகள் உடுத்தப்போகும் கறுப்புச் சட்டை அது. நெஞ்சில் ரத்தச் சிவப்பு மணியால் ஒரு பெரிய பூ. துக்க வீட்டுச் சட்டையில் பச்சை எங்கிருந்து முளைத்தது?

கடைக்காரி மாமே பிராகோ போன மாதமே சொல்லிவிட்டாள்: "கண்ணு தெரியாம இன்னொரு தப்பு நடந்துச்சு, மணி வேலை கொனாடுவுக்கு. நீ பொத்தான் தைக்க உட்காரு."

சட்டையை எடுக்க மாமே இரண்டு மணிக்கு வருவாள். இப்போது பன்னிரண்டரை.

கறுப்புத் துணியில் தைத்துத் தைத்து வந்த தலைவலி இந்த மூன்று வாரமாக இல்லை, கண்ணில் நீர் வடியவில்லை. கண்ணாடி மேசைக்கு அடியில் டியூப்லைட்டைப் படுக்கவைத்து, மேலே துணியை விரித்து, கதவு சன்னலை அடைத்துவிட்டால் போதும். கறுப்பு இழைகளின் இடுக்கெல்லாம் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். ஊசி தானாக இறங்கும். கண் தேறிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தாள்! தேறவில்லையா? நிறமே தெரியாமல் போய்விட்டதா?

இல்லை, இது கூடத் தைக்கும் கொனாடுவின் வேலையா?

"ஏண்டி, என் கிண்ணத்துல கை வெச்சியா?"

வாசலில் தைத்துக்கொண்டிருந்த கொனாடு நிமிர்ந்தாள். "பேய் வீடு மாதிரி இருட்டடிச்சு வெச்சிருக்க, அங்க யாருக்கா வருவா? என் கிண்ணத்தையே காலையிலேர்ந்து காணோம். சர்ச் பாட்டுக் குழு அங்கிக்கு வாங்கின பச்சை மணி."

"எங்க வெச்ச?"

"உன் மேசையிலதான். வெச்சுட்டு சாப்பிடக் கென்கி வாங்கப் போனேன்."

மேசையில் இரண்டு கிண்ணங்கள். இரண்டிலும் ஒரே கறுப்பு. ஃப்ரேமா கிண்ணத்துக்கொன்றாய் இரண்டு ஊசியில் மணி கோத்து வாசலுக்கு ஓடினாள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. உள்ளே வந்து கதவைச் சாத்தி, விளக்குக்கு மேலே பிடித்தாள். இரண்டும் கறுப்பு.

"கொனாடு, இங்க வா. இது உனக்கு என்ன நிறமாத் தெரியுது?"

கொனாடு குனிந்து பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். "ரெண்டும் கறுப்பு... ஐயோ, எனக்கும் கண்ணு போச்சாக்கா?"

ஃப்ரேமாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "யாருக்கும் போகலடி! வெளிச்சம் பின்னாலேர்ந்து மட்டும் வருது. ஓட்டை தெரியுது, மணியோட நிழல் தெரியுது. நிறம் எப்படித் தெரியும்? போனை எடு, மேலேர்ந்து டார்ச் அடி!"

கத்தரி பறந்தது. கீழே வெளிச்சம் ஓட்டையைக் காட்ட, மேலே டார்ச் நிறத்தைக் காட்ட, பச்சையெல்லாம் உதிர்ந்து அந்த இடங்களில் சிவப்பு ஏறியது. கடைசி முடிச்சு விழுந்ததும் கை கடுத்துப்போன கொனாடு டார்ச்சை அணைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள் மாமே பிராகோ. பின்னாலேயே கதவு சாத்திக்கொண்டது. விளக்கு மேசையில் கிடந்த சட்டையைப் பார்த்தாள்.

"அடிப்பாவி! சிவப்புப் பூ கேட்டா கறுப்புப் பூவா தெச்சு வெச்சிருக்க?"

ஃப்ரேமா கொனாடுவின் கையிலிருந்த போனை வாங்கி டார்ச்சைத் தட்டினாள். பூ தகதகவென்று சிவந்தது.

மாமே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டினாள். மறுபடி கழற்றினாள்.

"என் கண்ணுக்கு என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மாமே," என்றாள் ஃப்ரேமா. "என் கண்ணுக்கும் ஒண்ணும் ஆகல."