காற்று வராத கரை

அது ஜூலையின் முதல் வாரமா, நடுவிலா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வீடு வாங்க வந்த என்சியோ எத்தனை கோப்பை காப்பி குடித்தார் என்பதிலும் சந்தேகம் உண்டு. அண்ணன் மூன்று என்பான், அக்கா நான்கு என்பாள். கொசுக்களைப் பற்றி மட்டும் எங்கள் மூவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததே இல்லை.

அப்பா ஏரி வீட்டைக் கட்டும்போது ஒரு தவறு செய்தார். பக்கத்தில் ஒரு கூரைகூடக் கண்ணில் படக்கூடாது என்று, காற்று வீசும் முனையை விட்டுவிட்டு வளைவின் உட்புறத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே இலை அசையாது. பின்னால் சதுப்பு நிலம். ஜூன் பிறந்தால் கொசு புகைபோல எழும். அப்பா கடைசிவரை அதைத் தவறென்று ஒப்புக்கொள்ளவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெளியே உட்காருவார்.

அவர் இறந்த குளிர்காலத்தில், அடக்கம் முடிந்த வாரமே, அண்ணன் கௌக்கோ, ஏரி வீட்டை விற்றுவிடலாம் என்றான். அங்கே போனால் அவன் பிள்ளைகள் முகம் வீங்கித் திரும்பினார்கள். மனைவி இனி வரமாட்டேன் என்றுவிட்டாள். அக்கா ரைலி அழுது ஓய்ந்திருந்த நேரம் அது. சரி என்றாள். என்னையும் கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று பொருள்.

கோடையில் அக்காவின் மனம் மாறிவிட்டது. ஆனால் கொடுத்த வாக்கை மாற்றுவதை எங்கள் பக்கத்தில் திருட்டுக்கு அடுத்தபடியாக வைப்பார்கள். மூவரும் கையெழுத்திட்டால்தான் விற்க முடியும். அவள் மறுத்தால் வாக்குத் தவறியவள் ஆவாள். வாங்க வருகிறவர்கள் தாங்களாகவே ஓடிவிட்டால் யார்மீதும் பழி இல்லை. அதைத்தான் அவள் நம்பினாள்.

குவோப்பியோ நகரத்திலிருந்து வீட்டைப் பார்க்க என்சியோவும் அவர் மனைவி தெல்லெர்வோவும் சனிக்கிழமை மாலை வந்தார்கள். இருவருக்கும் அறுபது இருக்கும். அக்கா அப்போதுதான் சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் வெந்து வெளியே வந்திருந்தாள். ஈரத் தலை, கையில்லாத சட்டை. சவுனாவின் ஆவி அடங்காத உடம்பென்றால் கொசுக்களுக்குத் திருவிழா. காப்பி மேசையை அவள் படகுத்துறைப் பலகைமீது போட்டிருந்தாள். உள்ளே உட்காரலாமே என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். ஏரியைப் பார்க்க வந்தவர்களைச் சுவரைப் பார்க்க வைப்பது மரியாதையா என்று அவள் கேட்டாள்.

எங்கள் வழக்கப்படி விருந்தாளி இரண்டாவது கோப்பைக்கு முன் எழுந்திருக்கக் கூடாது. அக்கா மிக மெதுவாக ஊற்றினாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. மீன் கிடைக்கும் இடங்களைச் சொன்னாள், ஏலக்காய் ரொட்டியை நகர்த்தி வைத்தாள். அவள் தோளில் கொசுக்கள் வரிசையாக உட்கார்ந்தன. அவள் ஒன்றைக்கூட ஓட்டவில்லை. கொசு அண்டாமலிருக்கத் தார் எண்ணெய் பூசியிருந்த அண்ணன்தான் கழுத்திலும் காதிலும் அறைந்துகொண்டிருந்தான். தெல்லெர்வோ பாதிக் கோப்பையில் மன்னிப்புக் கேட்டு எழுந்துபோய், காரில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

என்சியோ அசையவில்லை. முழங்காலில் கை வைத்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புறங்கையில் ஒரு கொசு குடித்துப் பெருத்துப் பறந்தது. அதையும் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அது என்னைச் சங்கடப்படுத்தியது.

வடகோடியில், லாப்லாந்தின் மரவெட்டு முகாம்களில் முப்பது கோடை இருந்ததாகப் பிறகு சொன்னார். "அங்க இருக்கறதப் பாத்தா இதெல்லாம் பச்சப்புள்ளைங்க" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துவிட்டு, "நல்ல எடம். சத்தமே இல்ல. எனக்குப் புடிச்சிருக்கு. எழுதிடலாம்" என்றார்.

அண்ணன் முகம் மலர்ந்தது. அக்கா காப்பிக் குடுவையைக் கீழே வைத்தாள். அவள் கைகள் தோள்வரை தடித்துச் சிவந்திருந்தன.

"இது விக்கறதுக்கு இல்லைங்க."

"என்ன பேசற நீ? சரின்னு சொன்னவளே நீதானே?" என்றான் அண்ணன்.

"சொன்னேன். இப்ப மாட்டேங்கறேன். ரைலி வாக்குத் தவறினவள்னு ஊரெல்லாம் சொல்லிக்க அண்ணா. இந்தக் கை கையெழுத்துப் போடாது."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "சுலோ, நீயாவது சொல்லுடா. உனக்குச் சம்மதம்தானே?"

நான் பேசாமல் இருந்தேன். குளிர்காலத்தில் இருந்தது போலத்தான். இன்னும் சற்று நேரம் இப்படியே இருந்தால் அதுவும் சம்மதமாகிவிடும், அக்கா தனியாக நிற்பாள் என்று புரிந்தது.

"இல்ல" என்றேன். "அப்பவும் இல்ல."

அண்ணன் என்னையே பார்த்தான். "முப்பது வருஷமா வாயத் தொறக்காதவன், இன்னைக்குத்தான் தொறக்கணுமாடா?" என்றான். பிறகு, இனிமேல் கூரை ஒழுகினால் நாங்கள் இருவருமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

என்சியோ கோபப்படவில்லை. கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா என் பொண்டாட்டியாவது தப்பிச்சிருப்பாம்மா" என்றார்.

அவர் வேறொரு ஏரிக்கரையில், மேட்டில் இடம் வாங்கியதாகக் கேள்விப்பட்டோம். கௌக்கோ நான்கு கோடை வரவில்லை. ஐந்தாவது கோடையில் தனியாக வந்தான், பிறகு ஒவ்வோர் ஆண்டும் வந்தான். போன வருடம் இறந்தான். அவன் பிள்ளைகள் வருவதில்லை. ரைலிக்கு எழுபத்தெட்டு வயது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அங்கேதான் இருக்கிறாள், கொசுவலை கட்ட விடுவதில்லை. நான் ஜூலையில் போகிறேன்.